பிடி போட்டேன், பதம் போச்சு

திருவையாற்றுப் பக்கம் படுகையில் எங்களுக்கு வாழை. தார் வெட்டும் அரிவாளின் பிடி ஒருநாள் கழன்று கையோடு வந்துவிட்டது. இதற்குப் போய்ப் பட்டறைக்கு அலையணுமா என்று கருவேலங்கட்டை ஒன்றைச் செதுக்கித் துளை போட்டு, அரிவாளின் வாலை, அதாவது பிடிக்குள் போகும் முனையை, கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சி உள்ளே இறக்கினேன். குப்பென்று புகை, மரம் கருகி வாலின் அளவுக்கே குழி விட்டது, நல்ல இறுக்கம். ஆனால் ஒரே வாரத்தில் பிடியை ஒட்டிய வாய் மழுங்கிவிட்டது. தீட்டினாலும் நிற்கவில்லை.

"வாய் நீலம் பாஞ்சிருக்கே தம்பி" என்றார் பட்டறை ஆசாரி.

அந்த நீலத்தில்தான் விஷயம். உருக்கை 800 டிகிரி வாக்கில் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகிவிடும், கூடவே கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டுவார்கள். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 300 வாக்கில் நீலம். இது சாயமில்லை, மேலே படியும் ஆக்சைடு படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது, மழை ரோட்டில் சிந்திய டீசல் வண்ணம் காட்டுகிற அதே கணக்கு. மஞ்சளில் நிற்க வேண்டிய வாயை நான் நீலம் வரை ஓட்டிவிட்டேன். போன பதம் ஆறினால் திரும்பாது, முதலிலிருந்து காய்ச்சித் தோய்ச்சல் கொடுக்கணும்.

துப்பாக்கி பழுது பார்ப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். பழைய மௌசர் ரைபிளில் போல்ட்டின், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டின், கைப்பிடி நேராக நீட்டிக்கொண்டிருக்கும், மேலே தொலைநோக்கி வைத்தால் இடிக்கும் என்று அதை வெட்டிவிட்டு வளைந்த பிடியை வெல்டிங் வைப்பார்கள். அந்தச் சூடு போல்ட்டின் முன்முனையில் உள்ள பூட்டுப் பற்கள் வரை போய்விடக் கூடாது, வெடியின் அழுத்தத்தைத் தாங்குவதே அவைதான். அதனால் சூட்டை உறிஞ்ச ஓர் உலோகத் துண்டைப் பொருத்திக்கொண்டுதான் வேலையே.

அந்த உலோகத் துண்டுக்குப் பதிலாக எங்கள் ஆசாரி அரிவாளின் வாயில் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டுத்தான் வாலைக் காய்ச்சினார். சாக்கில் ஈரம் இருக்கும்வரை அடியில் இருக்கும் உருக்கு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது, வருகிற சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும்.

அப்புறம், சித்திரை வெயிலில் பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவோம் இல்லையா, அதுவும் தப்பாம். ஊறிய மரம் உப்பப் பார்க்கும், இரும்பும் பூணும் விடாது, உள்ளேயே நார் நசுங்கிப்போகும். காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும்.