மேப் என்றால் தமிழில் அகராதி

தரமணியிலும் ஓஎம்ஆர் ஓரத்து அலுவலகங்களிலும் நிரல் எழுதுகிறவர்கள் “அதை ஒரு மேப்ல போட்டு வை” என்பார்கள். நிரல்மொழிக்கு நிரல்மொழி பெயர் மாறும்: பைத்தான்காரருக்கு அது டிக்ட், பெர்ல் பழகியவருக்கு ஹாஷ், லுவாவில் டேபிள். எல்லாம் ஒன்றுதான்: சாவியைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பைத் தரும் தொகுப்பு. இதைத் தமிழில் ‘வரைபடம்’ என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும்.

மேப்பின் வேர் லத்தீனில் உள்ள ‘மாப்பா’. துணி என்று பொருள். உலகப் படத்தைத் துணியில் வரைந்ததால் படத்துக்கே அந்தப் பெயர் நின்றது. பிறகு கணிதத்தில், ஒரு கணத்தின் உறுப்புகளை இன்னொரு கணத்தின் உறுப்புகளோடு பொருத்துவதற்கும் அதே சொல் வந்தது. நிரல்மொழிகள் எடுத்துக்கொண்டது இந்தப் பிற்காலப் பொருளை. பத்தாம் வகுப்பில் முன் உரு, நிழல் உரு என்று அம்புக்குறி போட்டுப் படித்தோமே, அந்தச் சார்புதான் இது. ஹாஷ் வேறு வழியில் வந்தது. கொத்துவது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் அது. சாவியைக் கொத்தி எண்ணாக்கி, அந்த எண்ணை வைத்து நினைவகத்தில் இடம் பார்க்கிற வேலையை அது குறிக்கிறது.

தமிழில் எனக்குப் பிடித்த சொல் அகராதி. அகரம், ஆதி இரண்டும் சேர்ந்தது. சொற்களுக்குப் பொருள் சொல்லும் பழைய நூல்களான நிகண்டுகள் பெரும்பாலும் செய்யுளாக, பொருள்வாரியாக இருந்தன; மனப்பாடம் இல்லாதவர் ஒரு சொல்லைத் தேடி எடுப்பது கடினம். 1732-இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதியில் சொல்லைப் பிடித்து நேராகப் பொருளுக்குப் போகலாம். டிக்ட் செய்வதும் அதைத்தானே?

அகராதி என்றால் அகர வரிசை வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பைத்தான் 3.7 முதல் டிக்ட், சாவிகளைச் சேர்த்த வரிசையிலேயே வைத்திருக்கும்; அகர வரிசைக்கு மாற்றாது. ஆனாலும் இன்று அகராதி என்றதும் நம் நினைவுக்கு வருவது தேடி எடுப்பதுதான். அதனால் சொல் பொருந்துகிறது.

சாவிக்குத் திறவுகோல் என்று சிலர் எழுதுகிறார்கள். சாவி போர்த்துகீசியத்திலிருந்து வந்தது, ஜன்னலும் அலமாரியும் வந்த மாதிரி. வீட்டில் புழங்கும் சொல்லை இங்கே மட்டும் ஏன் விலக்க வேண்டும்?

சரி, சென்னை அஞ்சல் குறியீடுகளை வைத்துப் பார்ப்போம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும்:

அஞ்சல் = {}
அஞ்சல்["600028"] = "மந்தைவெளி"
அஞ்சல்["600028"] = "ராஜா அண்ணாமலைபுரம்"

இரண்டு பகுதிக்கும் குறியீடு ஒன்றே. ஒரு சாவிக்கு ஒரு மதிப்புதான் என்பதால் இரண்டாவது வரி ஓடியதும் மந்தைவெளி போய்விடும், பிழைச்செய்தி எதுவும் வராது. இதற்கு கலெக்‌ஷன்ஸ் நூலகத்தின் டிஃபால்ட்டிக்ட் உதவும். உருவாக்கும்போதே பட்டியல் வேண்டும் என்று சொல்லிவிட்டால், புதுச் சாவிக்கு மதிப்பின் இடத்தில் வெற்றுப் பட்டியலைத் தானே வைத்துக்கொடுக்கும். ஊர்ப்பெயர்களை அதில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கலாம். இதை ‘இயல்பு அகராதி’ என்றும், அதே நூலகத்தின் ஆர்டர்ட்டிக்டை ‘வரிசை அகராதி’ என்றும் தயங்காமல் எழுதலாம். ‘வரிசை வரைபடம்’ என்று எழுதினால் படிப்பவர் எதை நினைப்பார்?

அப்புறம், மேற்கோள் குறி இல்லாமல் 600028 என்று எண்ணாகக் கேட்டால் பைத்தானுக்கு அது வேறு சாவி. சாதாரண டிக்டில் கீ எரர்தான், அதாவது அந்தச் சாவி இல்லை என்ற பிழைதான் வரும்.