விடியற்காலையிலும் நெடுஞ்சாலை காலியாக இருப்பதில்லை

சென்ற வாரம் காறை எலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள எலும்பு) முறிந்து என்னிடம் வந்தவர், சைக்கிளின் இருபுறமும் பைகளைக் கட்டிக்கொண்டு சேலத்திலிருந்து மேட்டூருக்கு இருட்டோடு புறப்பட்டிருக்கிறார். ஓமலூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில், விளக்கில்லாமல் எதிர்த்திசையில் வந்த மொபெட்டுக்கு ஒதுங்கியபோது சைக்கிளோடு சாய்ந்துவிட்டார். "நாலரை மணிக்கு ரோடு காலியாத்தானுங்க டாக்டர் இருக்கும்?" என்று கேட்டார். எலும்பு மருத்துவராக இந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டுச் சலித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

காலியாக இருக்காது. அந்நேரத்தில் வண்டிகள் குறைவாகத் தோன்றலாம். ஆனால் ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை இரவெல்லாம் ஓடி வந்த லாரிகளும் ஆம்னி பேருந்துகளும்தான். நம் உடலின் உட்கடிகாரப்படி பின்னிரவு 2 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில்தான் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும். எத்தனை ஆண்டு அனுபவம் உள்ள ஓட்டுநருக்கும், கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை உறங்கிவிட வாய்ப்புண்டு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. அதன் ஓட்டுநர் மூன்று நொடி கண் அயர்ந்தால் 66 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்றே பொருள். உங்கள் சிவப்பு விளக்கு எவ்வளவு பளிச்சென்று எரிந்தாலும் அதைப் பார்ப்பதற்கு அங்கே ஆள் இல்லை.

"ஓரத்தில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதானே போகிறேன்" என்பது அடுத்த சமாதானம். பழுதாகி நிற்கும் லாரியும், சுற்றிவர மனமில்லாமல் எதிர்த்திசையில் வரும் இரு சக்கர வாகனமும், வெடித்த டயரின் கம்பித் துணுக்குகளும் கிடப்பது அந்த ஓரத்தில்தான். 15 கிலோ சுமை கட்டிய சைக்கிள் வெறும் சைக்கிளைப் போலச் சட்டென்று விலகாது. திருப்பிய பிறகும் சுமை பழைய திசையிலேயே இழுக்கும். விழும்போது கையை ஊன்றுவது அனிச்சைச் செயல் என்பதால் மணிக்கட்டும் காறை எலும்பும் முறிகின்றன. எங்கள் துறையில் இவை சிறிய முறிவுகள். பின்னால் லாரி வராத நாளில் மட்டுமே அவை சிறியவை.

ஆகவே அகலமான சாலையைத் தேடாதீர்கள், வேகம் எடுக்க முடியாத சாலையைத் தேடுங்கள். கைபேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, இரண்டு பெரிய ஊர்களை இணைக்காமல் ஏரிக்கரையையும் தென்னந்தோப்பையும் ஒட்டி வளைந்து செல்லும் ஒற்றைச் சாலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3.75 மீட்டர் அகலமே உள்ள அவற்றில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளும் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். ஆனால் படத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. சாலையின் கோடியில் கல்குவாரி இருந்தால் அது டிப்பர் லாரிகளின் பாதை. வழியிலுள்ள டீக்கடையில் "இந்தப் பக்கம் டிப்பர் ஓடுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை சுமையோடு கிளம்புகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்; வேலை நாளிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

காவிரிக்கரைக்குப் போக விரும்புகிறவர்கள் எடப்பாடியைத் தாண்டிப் பூலாம்பட்டிக்குச் சென்று, சைக்கிளைப் படகில் ஏற்றி அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கலாம். நம் சேலம் மாவட்டத்தில் இவ்வளவு இதமான வழி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அக்கரையில் மேட்டூர் - பவானி சாலை குறுக்கிடும். அதில் பேருந்துகள் ஓடுவதால் அங்கே கவனம் வேண்டும். வாய்க்கால் கரைகளில் போவதென்றால் 40 மில்லிமீட்டர் டயராவது போடுங்கள். உபரி ட்யூபும் எடுத்துக்கொள்ளுங்கள், சீமைக்கருவேல முள் எந்த டயருக்கும் இரங்காது.

ஏற்காட்டுக்கு எல்லோரும் 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அடிவாரச் சாலையிலேயே ஏறுகிறார்கள். குப்பனூர், கொட்டச்சேடு வழியில் வண்டிகள் குறைவு. மேலே காப்பித் தோட்டங்களைச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் லூப் ரோட்டில் வார நாட்களில் நிம்மதியாக மிதிக்கலாம். மே மாதக் கூட்டத்தில் தயவுசெய்து போகாதீர்கள். வெளிச்சம் வந்த பிறகே ஏறுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள், காட்டெருமைகள் சாலையைக் கடக்கும் மலை அது.

இறக்கத்தில், சக்கரத்தின் விளிம்பை (ரிம்மை) அழுத்திப் பிடிக்கும் ரிம் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுப் பிரேக்கை விட வேண்டும். இடையிடையே நின்று ரிம்மை ஆறவிடுங்கள். விரல்கள் மரத்துப்போனால், இன்னும் இரண்டு வளைவுதானே என்று எண்ணாமல் அங்கேயே இறங்கி நின்றுவிடுங்கள்.