மீன்தொட்டியில் அமோனியாவைத் தின்பது யார்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர்களுக்கு அமோனியா வாடை பழக்கம். வாளியில் சேர்ந்த பால் கட்டியாகிவிடாமல் இருக்க அதைத்தான் ஊற்றுவார்கள். பாலைத் திரியவைக்கும் பாக்டீரியாவை அது அடக்கிவிடும். அந்த வாடையிலேயே பல வருடம் நின்ற அம்மாவைக் கோலாலம்பூரில் உள்ள அக்குவாரியா கேஎல்சிசி மீன்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். 90 மீட்டர் சுரங்க வழி. தலைக்கு மேலே சுறாவும் திருக்கையும் நீந்திப் போயின. அண்ணாந்து பார்த்த அம்மா கேட்டார்: "ஏன்யா, இத்தனை மீனும் ஒண்ணுக்குப் போறதெல்லாம் எங்கய்யா போவுது?"

நாங்கள் அக்ரிலிக் சுவரின் கனத்தை வியந்துகொண்டிருந்தோம். அம்மாதான் சரியான இடத்தைத் தொட்டார்.

மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியே அமோனியாவாக விடுகிறது. கடலில் அது பரந்து கலைந்துவிடும், தொட்டியில் தேங்கும். கடல்நீரின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் அளவு, 8-க்குச் சற்று மேல். காரம் ஏற ஏற அமோனியா செவுளைத் தாண்டி உடம்புக்குள் புகுவது எளிதாகிறது. நன்னீர் மீன் தாங்கும் அளவுகூடக் கடல்நீர்த் தொட்டியில் ஆபத்தாகலாம்.

அதனால் பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத அறைகளில் பம்புகள் நீரை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் நுரை. உப்பு நீரில் குமிழிகள் சுலபத்தில் ஒன்றுசேராமல் பொடிப்பொடியாக நிற்கும். கழிவுப் புரதம் அவற்றில் ஒட்டி, மேலேறி, வழிந்து வெளியேறும். கடற்கரையில் அலை விட்டுப்போகும் நுரையும் இப்படி உண்டாவதுதான்.

கரைந்திருக்கும் அமோனியா நுரையில் ஒட்டாது. அதற்குத்தான் மணலிலும் பிளாஸ்டிக் உருண்டைகளிலும் பாக்டீரியாவைக் குடிவைக்கிறார்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைட்ரைட் ஆக்கும்; அதுவும் விஷம். இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். மீனுக்கு அதனால் கெடுதல் மிகக் குறைவு. செம்பனைக்குப் போடும் உரத்திலும் உள்ள அதே நைட்ரேட்தான். அது கூடிப்போனால் நீரில் ஒரு பங்கை மாற்றுவார்கள். அல்லது ஆக்சிஜன் இல்லாத அறையில் வேறு பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும்.

அமோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் அந்த இரண்டு கூட்டங்களும் பெருக வாரக்கணக்காகும். புதுத் தொட்டியில் முதல் நாளே மீனை நிரப்பினால் சாவுதான். இவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மின்சாரம் போய் நீரோட்டம் நின்றால் மீனோடு சேர்ந்து இவையும் திணறும்.

"நாங்க அமோனியா ஊத்தி அதுங்களை அடக்கினோம். இங்க அதுங்களே அமோனியாவைத் தின்னுதுங்களா!" அம்மாவுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

வீட்டில் பேரனின் சின்னத் தொட்டி ஒன்று இருக்கிறது. வாரந்தோறும் அதன் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவிவிடுவான். குளோரின் பட்டு பாக்டீரியா செத்துப்போகும். இப்போது அம்மா பக்கத்தில் நின்று, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வைக்கிறார்.