முகத்துக்கு 0.3, உடலுக்கு 0.05

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ஆம் ஆண்டில் அழகுசாதனப் பொருள்களில் சேர்க்கப்படும் வைட்டமின் ஏ-க்கு உச்சவரம்பு விதித்தது. அந்த வைட்டமினின் ஒரு வடிவமான ரெட்டினாலாகக் கணக்கிட்டால், உடல் லோஷனில் அது 0.05 விழுக்காட்டையும், முகப்பூச்சு முதலான மற்றவற்றில் 0.3 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. மென்மையான முகத்தோலுக்கு ஆறு மடங்கு கூடுதலா என்று முதல் பார்வையில் வியப்பே தோன்றும்.

ஆனால் இங்கே பார்க்கவேண்டியது நாள்தோறும் பூசப்படும் மொத்த அளவு. ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.54 கிராம் முகப்பூச்சும் 7.82 கிராம் உடல் லோஷனும் பயன்படுத்துவதாக ஒன்றியத்தின் அறிவியல் குழு கொள்கிறது. அப்படியானால் முகத்தில் சேரும் ரெட்டினால் 4.6 மில்லிகிராம், உடலில் சேர்வது 3.9 மில்லிகிராம். லோஷனிலும் 0.3 விழுக்காட்டை அனுமதித்திருந்தால் அது 23 மில்லிகிராமைத் தாண்டியிருக்கும்.

தோலுக்குள் நுழையும் ரெட்டினால் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும், பின்னர் ரெட்டினாயிக் அமிலமாகவும் மாறுகிறது; செல்லின் உட்கருவிலுள்ள ஏற்பிகளுடன் இணைந்து, புதிய செல்கள் விரைந்து உருவாகவும் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம் பெருகவும் தூண்டுவது இந்த அமிலமே. தொடக்க வாரங்களில் தோல் சிவப்பதும் உரிவதும் இதே வேலையின் மறுபக்கம். அமிலத்தை நேரடியாகக் கொண்ட டிரெட்டினோயின் மருத்துவர் எழுதித்தரவேண்டிய மருந்து. அழகுசாதனப் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பாவில் தடை உண்டு.

பூசியதில் சிறு பங்கே தோலைக் கடந்து இரத்தத்தை அடைகிறது என்றாலும், வைட்டமின் ஏ கொழுப்பில் கரைவது. மிகுதியானது சிறுநீரில் வெளியேறாமல் கல்லீரலில் தங்கிவிடும். பெரியவர்களுக்கு எல்லா வழிகளிலும் சேர்த்து நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராமே, அதாவது 3 மில்லிகிராமே, பாதுகாப்பான மேல்வரம்பு. நூறு கிராம் மாட்டு ஈரலே அதைத் தாண்டிவிடும். (கேரட்டுக்கு இந்தக் கவலை இல்லை, அதிலுள்ள பீட்டா கரோட்டின் என்னும் நிறமியை உடல் தேவைக்கேற்பவே வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது.) பூச்சுகளின் பங்கு குறைவு என்றே குழுவும் கூறியது, ஆயினும் உணவிலும் மாத்திரையிலும் மிக அதிகமாகப் பெறும் 5 விழுக்காட்டினருக்கு அந்தச் சிறு பங்கும் கவலைக்குரியதாகலாம் என்றது. எனவேதான் பயன்படுத்துமுன் அன்றாட உட்கொள்ளலைக் கருத்தில் கொள்ளுமாறு சொல்லும் வாசகமும் உறையில் கட்டாயமாயிற்று.

மிகையான வைட்டமின் ஏ கருவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பிணிகள் ரெட்டினால் பூச்சையும் தவிர்க்குமாறு மருத்துவர்கள் முன்னெச்சரிக்கையாக அறிவுறுத்துகின்றனர்.