கோவலன் சாவது தெரிந்தும் நெஞ்சு ஏன் பதறுகிறது?

பதினொன்றாம் வகுப்புக்குத் தமிழ் நடத்தும் வாசகி ஒருவர் சிலப்பதிகாரம் பற்றி இப்படிக் கேட்டிருந்தார்: "கோவலன் கொலையுண்ணப் போகிறான் என்பது என் மாணவர்களுக்கு முன்பே தெரியும். ஆனாலும் அவன் சிலம்போடு பொற்கொல்லனை நெருங்கும் இடம் வந்தால் வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. தெரிந்த கதைக்கு ஏன் இந்தப் பதற்றம்?"

உவமை, உருவகம், எதுகை, மோனை எல்லாம் நமக்குப் பள்ளியிலேயே பழகியவை. அவற்றைச் சொல்லிலோ வரியிலோ விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஆசிரியை கேட்கும் உத்தியை அப்படிக் காட்ட முடியாது. நமக்குத் தெரிந்த ஒன்று கதைக்குள் இருப்பவனுக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் அது இருக்கிறது. திறனாய்வாளர்கள் நாடக முரண் என்கிறார்கள். இதை உணர நம் தலைக்குள் நடக்க வேண்டிய வேலை சாதாரணமானதல்ல. சொல்லப்போனால், மூன்று வயதுக் குழந்தையிடம் அந்த வேலை பொதுவாக நடப்பதே இல்லை.

இது கண்டறியப்பட்ட கதையே ஒரு பொம்மலாட்டத்தில் தொடங்குகிறது. பிறருக்கும் மனம் உண்டு என்பது சிம்பன்சிக்குத் தெரியுமா என்று 1978இல் பிரீமாக், உட்ரஃப் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதற்குக் கருத்துரை எழுதிய தத்துவவாதி டேனியல் டென்னெட், இங்கிலாந்தின் பஞ்ச்–ஜூடி பொம்மலாட்டத்தை நினைவுபடுத்தினார். ஜூடி உள்ளே இருக்கிறாள் என்று நம்பி பஞ்ச் ஒரு பெட்டியை மலையிலிருந்து உருட்டப் போகிறான். அவளோ அவன் பார்க்காதபோதே வெளியேறிவிட்டாள். பார்க்கும் குழந்தைகள் குதூகலத்தில் கூச்சலிடுகிறார்கள். ஏன்? பஞ்ச் தவறாக நம்புகிறான் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. ஒருவர் இன்னொருவரின் மனதைப் படிக்கிறாரா என்று சோதிக்க, அந்த இன்னொருவர் தவறாக நம்பும் சூழல்தான் தேவை என்பது டென்னெட்டின் வாதம்.

1983இல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதனையாகவே செய்துவிட்டார்கள். 1985இல் லண்டனில் பேரன்-கோஹென், லெஸ்லி, ஃபிரித் மூவரும் அதை எளிமையாக்கினார்கள். சாலி என்ற பொம்மை ஒரு கோலிக்குண்டைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. திரும்பி வரும் சாலி குண்டை எங்கே தேடும்?

வீட்டில் ஒரு டம்ளரும் தீப்பெட்டியும் வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். மூன்று வயதுக் குழந்தை பெரும்பாலும் "பெட்டியில்" என்று சொல்லும். அதனிடம் இருப்பது ஒரே ஒரு பேரேடு, உலகம் இப்போது எப்படி இருக்கிறது என்ற கணக்கு. குண்டு பெட்டியில்தானே இருக்கிறது! நான்கு வயதை ஒட்டி இரண்டாவது பேரேடு திறக்கிறது. அதில் சாலியின் கணக்கு தனியாக எழுதப்படுகிறது. அது தவறான கணக்கு என்று தெரிந்தும் குழந்தை அதை அழிப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு "கூடையில் தேடும்" என்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது. பொய்யென்று தெரிந்த ஒன்றைப் பிறர் பொருட்டு மனதில் பத்திரப்படுத்தி வைக்கிறோமே!

மூளையில் இதற்கென்று ஓரிடம் முனைந்து வேலை செய்கிறது. வலது காதுக்குச் சற்று மேலே பின்புறம், பொட்டு மடலும் சுவர் மடலும் சந்திக்கும் பகுதி அது. ரெபேக்கா சாக்ஸ், நான்சி கான்விஷர் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வாசகர்களுக்கு இரு வகைக் குறுங்கதைகளைத் தந்தார்கள். ஒன்றில் ஒருவரின் நம்பிக்கை உண்மையோடு பொருந்தாமல் போகும். மற்றொன்றில் ஒரு புகைப்படம் பழசாகி உண்மையோடு பொருந்தாமல் போகும். தர்க்கம் இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் இந்தப் பகுதி மனிதரின் நம்பிக்கையைப் பற்றிப் படித்தபோதுதான் கூடுதலாகச் சுறுசுறுப்பானது.

இப்போது இளங்கோவடிகளிடம் வருவோம். நம் இரண்டாவது பேரேட்டை மூடவே விடாத கவிஞர் அவர். கோவலனும் கண்ணகியும் வையையைக் கடக்கப் போகிறார்கள். ஆறு நிறையப் பூக்கள். அந்த ஆறு "தையற்கு உறுவது தான்அறிந் தனள்போல்", கண்ணகிக்கு வரப்போவதைத் தான் அறிந்தவள்போல், மலராடையைப் போர்த்திக் கண்ணீரை மறைத்துக்கொண்டது என்கிறார். மதிற்கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை "வாரல்" என்று, வராதே என்று, கைகாட்டுவதுபோல் இருந்தன என்கிறார். தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியிருப்போம். அந்த அணி அங்கே என்ன வேலை செய்கிறது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆற்றுக்குத் தெரிகிறது, கொடிக்குத் தெரிகிறது, நமக்குத் தெரிகிறது. தெரியாதவர்கள் நடந்து போகும் அந்த இருவர் மட்டுமே.

கொலைக்களக் காதையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஆயர் தெருவில் கோவலனை ஒரு எருது எதிர்த்து வருகிறது. "இமிலேறு எதிர்ந்தது இழுக்கென அறியான்" என்று எழுதி, அது அவன் குலத்தார் அறிந்த குறியல்ல என்று காரணமும் சொல்கிறார். "அறியான்" என்ற ஒரே சொல்லில் சாலி–ஆன் சோதனை முழுவதும் அடங்கியிருக்கிறது. அடுத்து வரும் பொற்கொல்லனைக் "கூற்றத் தூதன்" என்கிறார். எமனின் ஆள் என்பது நமக்கு மட்டும் சொல்லப்பட்ட செய்தி. கோவலன் கண்ணுக்கு அவன் கைகூப்பி நிற்கும் அரண்மனைத் தட்டான்.

இந்த எருதைக் காட்டி "பாருங்கள், சகுனம் பலித்தது" என்று பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. காப்பியத்தில் சகுனம் பலிப்பது கவிஞர் முடிவை முன்பே வைத்திருப்பதால். நம் வாழ்க்கையை யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. பூனை குறுக்கே போயும் நல்லபடியாக முடிந்த நாட்களை நாம் மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

சரி, முடிவு தெரிந்த பிறகும் பதற்றம் எப்படி? ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு உதவும். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் என்பது அங்கே சிறுவர்களுக்கும் தெரியும். அவர் பதவியை ஏற்கத் தயங்குவதாகப் பதற்றமூட்டும் ஒரு குறுங்கதையைப் படிக்கவைத்துவிட்டு, "அவர்தான் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார், சரியா தவறா?" என்று கேட்டார். பதற்றமில்லாத வடிவத்தைப் படித்தவர்களைவிட இவர்கள் "சரி" என்று சொல்லக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கையில் எந்த நிகழ்ச்சியும் அச்சு அசலாகத் திரும்ப நடப்பதில்லை. ஆகவே நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது "இதன் முடிவு எனக்குத் தெரியுமே" என்று நினைவறையில் தேடும் பழக்கம் மனதுக்கு இல்லை என்பது அவர் விளக்கம். முடிவு நினைவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் கதை ஓடும் வேகத்தில் யாரும் அதை எடுப்பதில்லை.

முடிவை முன்கூட்டியே சொன்னால் சுவை கெடும் என்பதையும் 2011இல் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்களே கூடுதலாக ரசித்தார்கள். பின்னர் வந்த சில ஆய்வுகள் மாறான முடிவையும் தந்திருக்கின்றன. வழக்கு இன்னும் முடியவில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகமோ கொலையையும் மதுரை எரிந்ததையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பதிகம் பிற்காலச் சேர்க்கை என்ற கருத்து உண்டு. யார் எழுதியிருந்தாலும், முடிவைச் சொன்னாலும் சுவை கெடாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் சொன்ன வாசிப்பு ஆய்வுகள் ஆங்கிலக் கதைகளைக் கொண்டு நடந்தவை. நம் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் தமிழ்த்துறையும் உளவியல் துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. கொலைக்களக் காதையைக் கேட்கும் மாணவர்களின் இதயத் துடிப்பை அளக்கப் பெரிய பணம் தேவையில்லை. செம்மொழிக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு சிறு பங்கு இப்படிப்பட்ட கூட்டு ஆய்வுக்குப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நடத்தும்போது பொற்கொல்லன் வரும் வரை காத்திருக்காதீர்கள். அதற்கு முன்பே கண்ணகி குருத்து வாழையிலை விரித்து, "அமுதம் உண்க அடிகள் ஈங்கு" என்று பரிமாறுகிறாள். சமையலுக்குக் கிடைத்த காய் கனிகளைக்கூட இளங்கோ பெயர் சொல்லி அடுக்குகிறார், நேரத்தை நிறுத்தி வைப்பதுபோல. உண்டு எழுந்தவன் அவளிடம் சொல்கிறான்: "சீறடிச் சிலம்பின் ஒன்றுகொண்டு யான்போய் மாறி வருவன்." ஒரு சிலம்பை விற்றுவிட்டு வருகிறேன். அவனுக்கு அது கடைக்குப் போகும் பேச்சு. அந்த "வருவன்" என்ற சொல்லில் நிறுத்திவிட்டு, உங்கள் மாணவர்களின் முகத்தைப் பாருங்கள்.