107 சீட்டுகள், 18 சாவுகள்

1947-இல் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் கொஞ்சம்தான் கைவசம் இருந்தது. அமெரிக்காவில் கண்டுபிடித்த மருந்து. போர் முடிந்து கஜானா காலியாகிக் கிடந்த நாட்டுக்கு அள்ளி வாங்க டாலர் இல்லை. காசநோயாளிகளோ ஏராளம். எப்படியும் எல்லாருக்கும் கொடுக்க முடியாது. அப்படியானால் யாருக்குக் கொடுப்பது என்பதைத் தற்செயலிடமே விட்டுவிடலாம் என்றார் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். இரண்டு நுரையீரலிலும் நோய் பரவிய 107 பேர். அவர்களில் 55 பேருக்கு மருந்தோடு படுக்கை ஓய்வு, 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. மருத்துவரின் இரக்கமோ சிபாரிசோ உள்ளே நுழைய வழியில்லை.

ஆறு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். மருந்து வாங்கியவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள்; வாங்காதவர்களில் 14 பேர்.

நான்குக்குப் பதினான்கு என்றால் இதற்கு மேல் என்ன கணக்கு வேண்டிக் கிடக்கிறது என்று தோன்றும். ஆனால் காசநோய் ஆளுக்கு ஒரு விதமாகப் போகும் நோய். மருந்தே இல்லாத 52 பேரிலும் 4 பேரின் எக்ஸ்ரேயில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. எப்படியும் பிழைத்துக்கொள்ளக்கூடிய ஆட்கள் குலுக்கலில் மருந்துப் பக்கம் கூடுதலாக விழுந்திருந்தால்? புள்ளியியல் சோதனை கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான்.

அதைக் கேட்கும் விதம் கொஞ்சம் குதர்க்கமானது. மருந்து வெறும் தண்ணீர், அதனால் ஒரு பலனும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்மைக் கருதுகோள் என்பது இதுதான். அப்படியானால் இறந்த அந்த 18 பேரும் எந்தப் பக்கம் போயிருந்தாலும் இறந்திருப்பார்கள். சரி, 107 துண்டுச் சீட்டுகளை எடுத்து 18-இல் மட்டும் புள்ளி வையுங்கள். நன்றாகக் கலைத்து 55 சீட்டுகளை ஒரு பக்கம் பிரியுங்கள். அதில் புள்ளி வைத்தவை எத்தனை? சராசரியாக ஒன்பது வரும். எட்டு, பத்து, பதினொன்று என்று வந்தாலும் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நான்கோ அதற்குக் குறைவோ வருமா? வரும், ஆயிரம் முறை கலைத்தால் ஏறத்தாழ ஆறு முறை. எதிர்ப்பக்கம் இதே அளவு சாய்வதையும் சேர்த்தால் ஒன்பது முறை. 0.009 என்ற இந்த விகிதம்தான் பி-மதிப்பு. 1948-இல் வெளிவந்த ஆய்வறிக்கையும், இந்த வித்தியாசம் தற்செயலாக வர நூற்றில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்றது.

சீட்டைக் கலைக்காமலே அத்தனை பிரிவுகளையும் கணக்கில் எண்ணிவிடுவது, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷரின் துல்லியச் சோதனை. கணினி இல்லாத காலத்தில் அதையே தோராயமாகப் போட உதவியது கை-ஸ்கொயர் சோதனை. சாவு எண்ணிக்கைக்குப் பதில் ரத்த அழுத்தம் மாதிரி அளவுகளின் சராசரியை ஒப்பிடுவதென்றால் டி-சோதனை. பெயரும் சூத்திரமும் மாறினாலும் அடியில் இருப்பது அதே கேள்விதான்.

பி-மதிப்பு 0.009 என்றால் மருந்து வேலை செய்ய 99.1 சதவீத வாய்ப்பு என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். அது தப்பு. மருந்துக்குப் பலன் இல்லை என்று வைத்துக்கொண்டுதான் கணக்கையே ஆரம்பித்தோம். அந்த அனுமானத்துக்குள் நின்றுகொண்டே அது உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல முடியாது. இப்படி ஒரு முடிவு அந்த அனுமானத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே சொல்லலாம். 0.05-க்குக் கீழே போனால் ‘முக்கியமான வித்தியாசம்’ என்கிற எல்லைக்கோடும் இயற்கை போட்டதல்ல. இருபதில் ஒன்று வசதியான அளவு என்று 1925-இல் ரொனால்ட் ஃபிஷர் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது. 0.049-க்கு மாலை, 0.051-க்குக் குப்பைத்தொட்டி என்று நடத்துவது எனக்குச் சடங்காகத்தான் படுகிறது.

அந்த 107 பேரின் கதை ஆறு மாதத்தோடு முடியவில்லை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது மருந்துப் பக்கம் 55-இல் 32 பேரும், மறுபக்கம் 52-இல் 35 பேரும் இறந்திருந்தார்கள். இதற்கும் சீட்டுக் கணக்கு போட்டுப் பாருங்கள்: பத்து முறை கலைத்தால் ஏறத்தாழ நான்கு முறை இவ்வளவு வித்தியாசம் சும்மாவே வரும். முதல் கணக்கில் பிழை ஒன்றுமில்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்ததால் பல நோயாளிகளின் உடலில் மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவிட்டன. ஆறு மாதச் சாவை எண்ணிய சோதனை ஆறு மாதத்தைப் பற்றித்தான் பேசும். கூடவே இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இந்த அனுபவத்திலிருந்து வந்தது.

பெரிய ஆய்வு என்றால் சிக்கலே இல்லையா? 1988-இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு வந்த 17,187 பேர் இருந்தார்கள். ஐந்து வாரத்தில் ஆஸ்பிரின் வாங்கியவர்களில் 9.4 சதவீதமும், போலி மாத்திரை வாங்கியவர்களில் 11.8 சதவீதமும் இதய, ரத்தநாளக் கோளாறால் இறந்தார்கள். இத்தனை பேரிடம் இந்த வித்தியாசம் தற்செயலாக வர லட்சத்தில் ஒன்று கூடத் தேறாது. அப்புறம் பத்திரிகை ஆசிரியர்கள், வயது, பாலினம் என்று பிரித்துப் பிரித்து முடிவு கேட்டார்கள். ஆய்வாளர்கள் கொடுத்தார்கள், குறும்பாக ராசிவாரியான முடிவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் கொஞ்சம் கெடுதல் செய்வதுபோல வந்தது! மற்ற பத்து ராசிக்கும் பெரிய நன்மை. (நம் ஊர் ஜோசியர்கள் இதை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அது பிறந்த தேதியை வைத்துச் சொல்லும் மேற்கத்திய ராசி. நம்முடையது சந்திரனை வைத்துப் பார்ப்பது.) காரணம் எளிது. பலனே இல்லாத ஒன்றைப் பன்னிரண்டு கூறாக்கி, ஒவ்வொன்றையும் இருபதில் ஒன்று என்ற கோட்டில் சோதித்தால், ஏதாவது ஒன்றிலாவது ‘முக்கியமான வித்தியாசம்’ கிடைக்க 46 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரு குறிப்பிட்ட வயதுப் பெண்களுக்கு மட்டும் இந்த உணவு நல்லது என்ற மாதிரிச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம், எத்தனை கூறு போட்டுப் பார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு: வித்தியாசம் நிரூபணமாகவில்லை என்பதை, வித்தியாசமே இல்லை என்று படிப்பது. இதற்குச் சென்னையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையத்தில் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) ஓய்வும் நல்ல சாப்பாடும் மருந்தும். மறுபாதி நெரிசலான தங்கள் வீட்டிலேயே இருந்து அதே மருந்தைச் சாப்பிட வேண்டும். ஒரு வருடத்தில் சானடோரியத்தில் 92 சதவீதமும் வீட்டில் 86 சதவீதமும் கிருமி அடங்கி நல்ல நிலைக்கு வந்தார்கள்.

இந்த ஆறு சதவீதப் புள்ளி வித்தியாசம் 0.05 கோட்டைத் தாண்டாது. ஆனால் பக்கத்துக்கு நூறு பேர்கூட இல்லாத ஆய்வில், சானடோரியம் உண்மையில் ஏறத்தாழ 15 புள்ளி வரை மேலாக இருந்திருந்தாலும் இப்படி ஒரு முடிவு வரக்கூடும். வீடே ஏறத்தாழ மூன்று புள்ளி வரை மேலாக இருந்திருந்தாலும் வரக்கூடும். இந்த இடைவெளியைத்தான் நம்பக வீச்சு என்கிறார்கள், பி-மதிப்பை விட எனக்கு இதன்மேல்தான் மதிப்பு அதிகம். எவ்வளவு நஷ்டம் வரலாம் என்பதை அது மறைக்காமல் காட்டுகிறது. அந்த நஷ்டத்தைத் தாங்கலாமா என்பதைச் சோதனை சொல்லாது, படுக்கைக் கணக்குதான் சொல்லும். இந்தியாவில் அன்று இருந்த சானடோரியப் படுக்கைகள் நோயாளிகளில் சிறு பங்குக்குக்கூடப் போதாது. வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, அவர்களுக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை என்று தெரிந்தது. ஒரு வருட முடிவுகளைச் சொன்ன அறிக்கை 1959-இல் வெளிவந்த பிறகு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறை பல நாடுகளுக்கும் பரவியது.