சுட மறுத்தார்கள், பட்டினி கிடந்தார்கள்

"சாப்பிடச் சொன்னா எரிஞ்சு விழுறா டாக்டர். ஆனா ராத்திரி பூரா போன்ல சமையல் வீடியோதான்." மூன்று மாதத்தில் 11 கிலோ குறைத்திருந்த மகளைக் கூட்டிவந்த அம்மா சொன்னது. மே மாத வெயிலில் அந்தப் பெண் ஃபேனை நிறுத்தச் சொன்னாள். "நடிக்காதடி" என்றார் அம்மா.

எரிச்சல், சாப்பாட்டு நினைப்பு, குளிர். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு அந்த 36 அமெரிக்க இளைஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இரண்டாம் உலகப் போரில் கட்டாய ராணுவச் சேவைக்கு அழைத்தபோது மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். இப்படி மறுப்பவர்களுக்கு 1940ஆம் ஆண்டுச் சட்டம் மாற்று வேலை கொடுத்தது. சுமார் 12,000 பேர் அதில் சேர்ந்தார்கள். காட்டுத்தீ அணைத்தார்கள், மனநல மருத்துவமனைகளில் வேலை பார்த்தார்கள். சம்பளம் கிடையாது, கோழை என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. பேன் மருந்துச் சோதனைக்காகப் பேன் பிடித்த உள்ளாடையை வாரக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு.

ஐரோப்பாவில் பட்டினியில் வாடியவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற உடலியல் ஆய்வாளர், பட்டினிச் சோதனைக்கு ஆள் தேடினார். இவர்கள் தாமாகவே முன்வந்தார்கள். ஊரே கோழை என்கிறபோது ஒருவன் கொடுக்கும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது. அப்புறம் ஒன்று: அங்கே கிடைத்த அறிவைத்தான் நான் தினமும் பயன்படுத்துகிறேன்.

1945 பிப்ரவரி முதல் 24 வாரம், உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி என்று நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. வாரம் 22 மைல் நடை. உடல் எடையில் கால்வாசி போனது. தட்டை நக்கினார்கள். சமையலில் ஆர்வமே இல்லாதவர்கள் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். கோடையிலும் நடுங்கினார்கள். மறுபடி சாப்பாட்டைக் கூட்டிக் கொடுத்த மீட்புக் கட்டத்தில் ஒருவர் கோடரியால் தன் மூன்று விரல்களை வெட்டிக்கொண்டார். தெரிந்து செய்தாரா, கை தவறியதா என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அத்தனை பேரும் மன உறுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இந்தப் பெண் போனில் பார்த்துப் பின்பற்றிய டயட், நாளுக்கு 800 கலோரி.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அவங்கல்லாம் பழையபடி ஆனாங்களா?" என்று கேட்டார். ஆனார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆயிற்று. நாளுக்கு 4,000 கலோரி அளவுக்குக் கொடுத்தபோதுதான் உடல் ஒழுங்காகத் தேறியது என்று கீஸ் கண்டார். உடனே வீட்டுக்குப் போய் விருந்து வைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னேன். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும்.

சரி என்று தலையாட்டியவர், எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார்.